லட்லோவிலிருந்து ஆறு மைல்

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊர்ச் சாலையில் இரண்டு கார் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்னால் போயே ஆக வேண்டும். சாலையின் அகலமே அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் உயிர்வேலி, ஹாதார்னும் ஹேசலும் ஹாலியும் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்தது, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சாலை நடுவில் தார் தேய்ந்து புல் முளைத்திருக்கும். சட்டப்படி இதே சாலையில் மணிக்கு 60 மைல் வரை ஓட்டலாம், ஆனால் 25க்கு மேல் வருகிறவரைப் பார்த்தாலே இந்த ஊர் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். யார் பின்னால் போவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒதுங்கும் இடம் யாருக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அவர் போக வேண்டும், மேட்டில் ஏறி வருகிறவருக்கு வழி விட வேண்டும், டிரெய்லர் கட்டிய டிராக்டரிடம் எந்தக் கணக்கும் செல்லாது. வழி விட்டவரைத் தாண்டிப் போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். ஹாரன் கிடையாது, கண்ணாடி இறக்கிப் பேசுவது கிடையாது, அந்த ஒரு விரல்தான்.

வந்த புதிதில் எனக்கு அந்த விரல் கண்ணிலேயே படவில்லை. யாரும் நம்மைக் கண்டுகொள்வதில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2018 அக்டோபரில் வந்தோம். என் மனைவிக்கு ஹெரிஃபோர்டில் செவிலியர் வேலை, எனக்கு வீட்டிலிருந்தே கணினியில் செய்கிற வேலை. லட்லோவிலிருந்து ரயில் ஏறினால் அரைமணி நேரத்தில் ஹெரிஃபோர்டு என்பதால் லட்லோ பக்கம் வீடு தேடி, கடைசியில் அங்கிருந்து ஆறு மைல் தள்ளி இந்த ஊரில் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. ஷ்ரோப்ஷயர் மாவட்டத்தின் தெற்கு ஓரம், மேற்கே கொஞ்ச தூரம் போனால் வேல்ஸ் எல்லை. மொத்தம் எழுபது வீடு இருக்கும். ஒரு பழைய கல் தேவாலயம், ஊர்ப் பொது மண்டபம், சிவப்புத் தபால் பெட்டி, அதன் பக்கத்தில் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. கடை இல்லை. பப் இருந்ததாம், நாங்கள் வருவதற்கு முன்பே மூடி வீடாக மாற்றிவிட்டார்கள். பஸ் திங்களும் வெள்ளியும் மட்டும், லட்லோவில் சந்தை கூடும் நாளைக் கணக்குப் பண்ணி விட்டது. காலையில் ஒன்று போகும், மத்தியானம் ஒன்று திரும்பி வரும்.

நம் ஊரிலிருந்து போன் பண்ணுகிற யாராக இருந்தாலும் இரண்டாவது கேள்வி, "அங்கே போரடிக்கலையா, சத்தமே இருக்காதாமே?" என்பதுதான். சத்தம் நிறையவே இருக்கிறது என்பதை அவர்களுக்குப் புரிய வைக்க நானும் பார்க்கிறேன். மார்ச்சில் ஆடுகள் குட்டி போடும் காலம், ராத்திரி முழுக்கக் குட்டியும் தாயும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டே இருக்கும். ஆகஸ்டில் அறுவடை, நாளைக்கு மழை என்று தெரிந்தால் கம்பைன் எந்திரம் நடுராத்திரி தாண்டியும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடும். விதைத்த வயலில் பறவை இறங்காமல் இருக்க எரிவாயுத் துப்பாக்கி ஒன்றை வைத்திருப்பார்கள், அது தானாக வெடித்துக்கொண்டே இருக்கும். அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி முதல் தேதி வரை ஃபெசன்ட் பறவை வேட்டை. இதெல்லாம் போக, இதே மாவட்டத்தில் ஷாபரியில் விமானப்படையின் ஹெலிகாப்டர் பயிற்சித் தளம் இருக்கிறது, இருட்டில் தாழப் பறந்து பழகுகிறவர்கள் சில ராத்திரி நம் கூரைமேலேயே வந்துவிட்டார்களோ என்று தோன்றும். ரூக் காகங்கள் சாயங்காலம் கூடு திரும்பும் இரைச்சலைக் கேட்டால் அமைதியான கிராமம் என்ற பேச்சையே விட்டுவிடுவீர்கள்.

இல்லாதது மனிதக் குரல். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் குளிர்காலத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு ஒரு மாதிரி ஆகிறது. டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே சூரியன் இறங்கிவிடும். தெருவிளக்கு ஒன்றுகூடக் கிடையாது. மனைவி ராத்திரி ஷிஃப்ட் போய்விட்டால் மறுநாள் காலை வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பேன். எதிர்வீட்டில் விளக்கு எரியும், ஆள் நடமாடுவது தெரியும், ஆனால் கதவைத் தட்டி "என்ன பண்றீங்க" என்று கேட்டுவிட முடியாது. நம் ஊரில் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தால் அன்றைக்கே நாலு பேர் வந்து எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளை என்று கேட்டுவிடுவார்கள். இங்கே மூன்று மாதம் ஆகியும் யாரும் வரவில்லை. தோல் நிறம்தான் காரணமோ என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன், ஊர் முழுக்க வெள்ளைக்காரர்கள் இருக்கும் இடத்தில் நாம் இரண்டு பேர் மட்டும் வேறு மாதிரி என்றால் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். கேட்டை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தோம். நாங்கள் தனியாக இருக்கப் பிரியப்படுகிறவர்கள் என்று ஊரும் எங்களைத் தொந்தரவு பண்ணாமல் விட்டிருக்கிறது. இது பின்னால்தான் தெரிந்தது.

சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மா. அப்போது அவருக்கு 78 வயது, தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இறந்து பல வருடம். அடுத்த கோடையில் ஒருநாள் காலை கதவைத் திறந்தால் வாசற்படியில் பழைய செய்தித்தாளில் சுற்றிய ரன்னர் பீன்ஸ் ஒரு கட்டு, சீட்டு எதுவும் இல்லை. மறுவாரம் மறுபடியும். மூன்றாவது தடவை நான் காத்திருந்து பார்த்துக் கையோடு பிடித்து உள்ளே கூப்பிட்டேன். அவர் வந்து, டீ குடித்து, அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். என் அம்மாவைவிட மூத்தவரைப் பெயர் சொல்ல எனக்கு வாய் வர இரண்டு வருடம் ஆனது. அன்றைக்குக் கிளம்பும்போது கேட்டார்: "எண்ணெய்க்கு என்ன செய்கிறீர்கள்?"

எண்ணெய் என்றால் வீட்டைச் சூடுபடுத்தும் மண்ணெண்ணெய். இந்த மாதிரி ஊர்களுக்குக் குழாய் எரிவாயு வரவில்லை. ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஆயிரம், ஆயிரத்து இருநூறு லிட்டர் பிடிக்கும் பச்சை பிளாஸ்டிக் தொட்டி ஒன்று நிற்கும், டேங்கர் வந்து நிரப்பிவிட்டுப் போகும். பொதுவாக 500 லிட்டருக்குக் குறைந்து தரமாட்டார்கள். தனியாக ஆர்டர் பண்ணினால் விலை அதிகம், இருபது வீடு சேர்ந்து ஒரே நாளில் வாங்கினால் லிட்டருக்குச் சில பென்ஸ் குறையும். அந்தக் கணக்கை அவர் ஒரு நோட்டில் வைத்திருந்தார். நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு, கோடு போட்ட தாள், பென்சிலால் எழுதிய நிமிர்ந்த எழுத்து. பக்கத்துக்கு ஒரு வீடு. மேலே வீட்டின் பெயர், ஏனென்றால் இங்கே கதவிலக்கம் கிடையாது, பெயர்தான். கீழே தொட்டியின் கொள்ளளவு, எத்தனை லிட்டர், என்ன தேதி. ஓரத்தில் பொடி எழுத்தில் வேறு குறிப்புகள்: "டேங்கர் பின்வழியாக வர வேண்டும்", "நாய் கட்டியிருக்கிறதா என்று பார்க்கவும்", "காது கேட்காது, ஜன்னலைத் தட்டவும்".

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது, மார்ச்சில் இந்த எண்ணெய் விலை லிட்டருக்கு ஒரு பவுண்டைத் தாண்டியது. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் அரசு வைத்திருக்கும் விலை உச்சவரம்பு இதற்குக் கிடையாது, கிராமத்தில் இருக்கிற ஒரே குற்றத்துக்கு எங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதைப் பற்றி எனக்கு இன்னமும் கோபம் உண்டு. அந்த வாரம் அவர் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பாதித் தொட்டி இருப்பவர்களை இந்தத் தடவை வாங்க வேண்டாம் என்றார். 500 லிட்டர் வாங்கப் பணம் இல்லாத இரண்டு வீடுகளை, அடுத்தடுத்த வீடு என்பதால் ஒரே ஆர்டராகப் போட்டு 250, 250 என்று பிரித்துக் கொடுக்க எண்ணெய்க்காரரைச் சம்மதிக்க வைத்தார். அந்த இரண்டு வீடு எவை என்று ஊரில் யாருக்கும் தெரியாது. நோட்டை இப்போது நான் வைத்திருப்பதால் எனக்குத் தெரியும், நானும் சொல்லமாட்டேன்.

அப்புறம்தான் எனக்கு ஊரைப் பார்க்கத் தெரிந்தது. தொலைபேசிக் கூண்டுக்குள் தொலைபேசி இல்லை, இதயம் நின்றுபோனால் அதிர்ச்சி கொடுக்கும் கருவி இருக்கிறது. இப்படிக் கைவிட்ட கூண்டுகளைத் தொலைபேசி நிறுவனம் ஊருக்கு ஒரு பவுண்டுக்கு விற்றது. கருவியின் பேட்டரி சரியாக இருக்கிறதா என்று ஒருவர் வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிறார். லட்லோ மருத்துவரிடமிருந்து ஊருக்கே மருந்து வாங்கி வர வியாழக்கிழமை ஒருவர் போகிறார். வயல் வழியாகப் போகும் பொதுப் பாதைகள் இங்கே சட்டப்படியான உரிமை, 1949ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு வரைபடத்தில் குறித்து வைத்தவை, விவசாயியின் நிலத்துக்கு நடுவே யார் வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் ஜூனில் தொட்டால் அரிக்கும் நெட்டில் செடி இடுப்பளவு வளர்ந்துவிட்டால் உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அரிவாளோடு போய் வெட்டுகிறவர் எழுபது தாண்டிய ஒருவர். ஊராட்சி, 1894இல் ஏற்பட்ட அமைப்பு, உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, மாதம் ஒருமுறை மண்டபத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்து சாலைக் குழியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள். நான் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் குழி அடைபடுவது அதனால்தான்.

இனி தேவாலய மணியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் தேவாலயக் கோபுரத்தில் ஆறு மணிகள். 2023 மே மாதம் மன்னர் சார்லஸ் முடிசூடியபோது நாடு முழுக்க மணி அடிக்க ஆள் போதவில்லை என்று புதியவர்களைக் கூப்பிட்டுப் பழக்கினார்கள். எங்கள் ஊரில் அடிக்கத் தெரிந்தவர்கள் நாலே பேர். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "உங்கள் உயரத்துக்கு ஐந்தாம் மணி சரியாக இருக்கும்" என்றார். நான் இந்து, தேவாலயத்துக்குள் பிரார்த்தனைக்காகப் போனவன் இல்லை. அதை அவரிடம் சொன்னேன். "கயிற்றுக்கு அது தெரியாது" என்றார்.

கோபுரத்துக்குள் சுழல்படி, ஒரு தோள் மட்டும் நுழையும் அகலம், படிகள் நடுவில் குழிந்திருக்கும். மேலே ஒரு சின்ன அறை, கூரையிலிருந்து வட்டமாக ஆறு கயிறு தொங்கும். நம் கோவில் மணியில் நாக்கை இழுத்து அடிக்கிறோம், மணி இருந்த இடத்தில் இருக்கும். இங்கே மணியே ஒரு பெரிய சக்கரத்தில் முழு வட்டம் சுற்றுகிறது. அடிக்கத் தொடங்கும் முன் மணி தலைகீழாக, வாய் மேலே பார்க்க நிற்கும். கயிற்றில் ஓர் இடத்தில் சிவப்பு, வெள்ளை, நீலக் கம்பளி சுற்றித் தடியாக இருக்கும், அதை சாலி என்பார்கள். சாலியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் மேலே மணி நிலை தவறிக் கவிழத் தொடங்கும், அந்தக் கணம் கையை விட்டுவிட வேண்டும். சாலி கூரையை நோக்கிப் பறக்கும். கயிற்றின் நுனி மட்டும் இடது கையில் இருக்கும், மணி சுற்றி முடித்து எதிர்ப்பக்கம் நிற்பதை அந்த நுனி வழியாகக் கையில் உணரலாம். மறுபடி இழுத்தால் சாலி கீழே வரும், பிடிக்க வேண்டும். விட வேண்டிய நேரத்தில் விடாமல் பிடித்துக்கொண்டால் கயிறு ஆளையே தூக்கிவிடும். என் மணி 300 கிலோவுக்கு மேல், பலத்தால் அதை ஒன்றும் செய்ய முடியாது. முதல் ஆறு வாரம் அந்த அம்மா எனக்கு எதிரே நின்று என் கைக்கு மேலே தன் கையை வைத்துக்கொண்டு, "விடுங்கள்... இப்போது பிடியுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தழும்பேறிய, சின்ன, உலர்ந்த கை.

அவர்கள் அடிப்பது பாட்டு இல்லை, கணக்கு. ஆறு மணியும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை ஒலிக்கும், அடுத்த சுற்றில் வரிசை மாறும், ஒரு வரிசை இரண்டாம் தடவை வரக் கூடாது. ஆறு மணிகளுக்கு 720 வரிசை, அடித்து முடிக்க அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏழு மணிகள் என்றால் 5,040, மூன்று மணி நேரம் நிற்காமல் அடிப்பார்கள், கையில் காகிதம் இருக்காது. இங்கிலாந்தில் இப்படி அடிக்கும் கோபுரங்கள் 5,000க்கு மேல் இருக்கின்றன. நான் அவ்வளவு தூரம் போகவில்லை, 120 வரிசை இதுவரை. மிகச் சிறிய மணியை ட்ரெபிள் என்பார்கள், அது அந்த அம்மாவுடையது. தொடங்கும்போது ட்ரெபிள்காரர் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு: "ட்ரெபிள் போகிறாள்" என்று சொல்லிக் கயிற்றை இழுப்பார், மணி கவிழ்ந்ததும் "போய்விட்டாள்" என்பார். மணி எல்லாமே இவர்களுக்குப் பெண்தான். அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் அறையில் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஏழு வருடத்தில் இந்த ஊரில் நான் கேட்ட நிஜமான அமைதி அதுதான்.

2024 டிசம்பர் 7, டாரா புயல். விடியற்காலை நாலு மணிக்குக் கரண்ட் போனது, திங்கள்கிழமை காலைதான் வந்தது. எண்ணெய் பாய்லருக்கும் கரண்ட் வேண்டும் என்பதால் தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் வீடு குளிர்ந்துகொண்டே போகும். கைபேசிக் கோபுரம் சில மணி நேரத்தில் செத்துவிட்டது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி என்றால் கரண்ட் இல்லாமலே வேலை செய்யும், ஆனால் 2027 ஜனவரிக்குள் அதை முழுதாக நிறுத்தப்போகிறார்கள், எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு முன்னாடியே இணையத் தொலைபேசி மாட்டிவிட்டார்கள், அது கரண்ட் போனால் வெறும் பிளாஸ்டிக். கரண்ட் போனால் கூப்பிட 105 என்று ஒரு எண் உண்டு, எதிலிருந்து கூப்பிடுவது? லட்லோ சாலையில் பெரிய ஆஷ் மரம் விழுந்து வழி அடைத்துவிட்டது. பூஞ்சை நோயில் இந்தப் பக்கம் ஆஷ் மரமெல்லாம் நின்ற இடத்திலேயே காய்ந்து வருகிறது, காற்றுக்குத் தாங்காது.

காலை எட்டு மணிக்கு அந்த அம்மா டார்ச்சோடும் எண்ணெய் நோட்டோடும் எங்கள் வாசலில் நின்றார். ஊரில் எல்லா வீடும் பெயரோடு எழுதி இருந்தது அதில் மட்டும்தான். தனியாக இருப்பவர் யார், காது கேட்காதவர் யார், ஆக்சிஜன் எந்திரம் வைத்திருப்பவர் யார், எல்லாம் ஓரக் குறிப்பில் இருந்தது. நாங்கள் நாலு பேர் பக்கங்களைப் பிரித்துக்கொண்டு போனோம். மேட்டுப் பண்ணையில் விறகு எரிக்கும் பழைய இரும்பு அடுப்பு இருக்கிறது, அங்கே பதினொரு பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பண்ணைக்காரர் ரம்பத்தை எடுத்துப் போய் மரத்தை அறுத்து வழி பண்ணினார், ஆக்சிஜன் வேண்டியவரை அவர் வண்டியிலேயே லட்லோவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த அடுப்படியில் இரண்டு நாள் நான் கேட்ட பேச்சு, அதற்கு முந்தைய ஆறு வருடத்தில் கேட்ட மொத்தப் பேச்சைவிட அதிகம். திங்கள்கிழமை கரண்ட் வந்தது, எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை.

2025 வசந்தத்தில் அவர் ஊரைவிட்டுப் போனார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வந்தது. இங்கே வண்டி ஓட்ட 20 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் எண்ணைப் படிக்க முடிய வேண்டும். ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் என் காரை நிறுத்தச் சொல்லி, அடி அளந்து நின்று பார்த்தார். படிக்க முடியவில்லை. யாரும் சொல்லாமலே அன்றைக்கே உரிமத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். முதியவர்களுக்கு பஸ் இலவசம், ஆனால் கண் மருத்துவர் நேரம் கொடுப்பது செவ்வாய்க்கிழமை, எங்கள் பஸ் திங்களும் வெள்ளியும். நாங்கள் கூட்டிப்போகிறோம் என்றோம். நாலு மாதம் போனோம். ஊரையே கூட்டிப்போனவர், ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரிடம் கேட்க வேண்டியிருப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. ஷ்ரூஸ்பரியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நல்ல பஸ் ஒன்று, தினமும் இரண்டு தடவை ஓடியிருந்தால் அவர் இன்றைக்கும் பக்கத்து வீட்டில் இருந்திருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவர் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை இன்னும் நிற்கிறது. லட்லோவில் வேலை பார்க்கும் இளம் ஜோடிகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், அந்த விலை அவர்களுக்குக் கட்டாது. வார இறுதிக்கு மட்டும் வந்து தங்க வீடு தேடுகிறவர்களுக்குக் கட்டும். அப்படி வந்தவர் ஒருவர், வியாழக்கிழமை ராத்திரி மணி அடிப்பதை ஒன்பது மணிக்கு முன்னால் நிறுத்த முடியுமா என்று ஊராட்சிக்குக் கடிதம் எழுதினார். அமைதிக்காக இங்கே வீடு வாங்கினாராம். நிறுத்தவில்லை. பூட்டிய வீடு ஒன்று கூடினால் நோட்டில் ஒரு பக்கம் குறையும், அதைத்தான் அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நோட்டை அவர் போவதற்கு முந்தைய ராத்திரி கொண்டுவந்து கொடுத்தார், கூடவே சீவிய பென்சில் இரண்டு. ட்ரெபிளை இப்போது பண்ணைக்காரரின் பேத்தி அடிக்கிறாள், பதின்மூன்று வயது. "போய்விட்டாள்" என்பதை ரொம்ப மெதுவாகச் சொல்கிறாள், எனக்குக் கேட்பதில்லை, அவள் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

குளிர் வருவதற்கு முந்தைய எண்ணெய் ஆர்டரை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வீடு எழுதியாயிற்று. மூன்று வீடு இன்னும் எத்தனை லிட்டர் என்று சொல்லவில்லை, அதில் ஒன்று ஜன்னலைத் தட்ட வேண்டிய வீடு. இருட்டுவதற்கு முன்னால் போய்விட்டு வர வேண்டும்.